வீட்டில் பாடிப் பதிந்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. மைக்கை மாற்றவேண்டுமா?

மாடிவீட்டு சுருதி:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் முதல் மாடியில் வாடகை வீடு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் பாதிப் பேருக்கு மெட்டு மறந்துவிடுகிறது. அதனால் நாலு கீதம், இரண்டு வர்ணம், சில சின்னக் கீர்த்தனைகள் எல்லாவற்றையும் நான் பாட, தம்பி மிருதங்கம் வாசிக்க, ஒழுங்காகப் பதிந்து கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டு மாதம் ஆகிறது, வெளியே கொடுக்கும்படி ஒன்றுகூடத் தேறவில்லை.

முதலில் போனில் பதிந்தேன். பக்கத்தில் இன்னொரு போனில் தம்புரா ஆப் ஓடியது. திரும்பப் போட்டுக் கேட்டால் தம்புரா முதல் இரண்டு மூன்று செகண்ட் நன்றாகக் கேட்கிறது, அப்புறம் யாரோ கழுத்தைப் பிடித்தமாதிரி அமுங்கிவிடுகிறது. நான் வாயைத் திறக்கும்போது மட்டும் கூடவே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

சரி, போன் ஆகாது என்று ஆன்லைனில் ஒரு யுஎஸ்பி கண்டென்சர் மைக் வாங்கினேன். குண்டாக, நின்றவாக்கில், ஸ்பிரிங் ஸ்டாண்டும் பஞ்சு உறையுமாக வந்தது. லேப்டாப்பில் ஆடாசிட்டி என்கிற பதிவு சாப்ட்வேர் போட்டுப் பதிகிறேன். அறை 10க்கு 10, டைல்ஸ் தரை, ஒரு ஜன்னல், ஒரு ஸ்டீல் பீரோ, வேறு சாமான் கிடையாது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. யாரும் பாடாதபோதும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்.

தம்பி விஷயம் தனிக்கதை. அவன் வேலைக்குப் போய்விட்டு வர ராத்திரி ஆகிவிடும், அதனால் நான் பகலில் பாடிப் பதிந்துவைப்பதைக் காதில் இயர்போனில் கேட்டுக்கொண்டு அவன் வாசிக்கிறான். சேர்த்துக் கேட்டால் எல்லாத் தட்டும் பின்னால் விழுகிறது. பதினைந்து வருஷமாக வாசிப்பவன், தாளம் நிற்காத ஆள் இல்லை. ‘நீ இழுக்கிறாய்’, ‘நீதான் ஓடுகிறாய்’ என்று இரண்டு முறை சண்டை ஆகி, ஒரு முறை சாப்பிடாமலே எழுந்து போனான். இதில் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் சத்தம் சுத்தமாகக் கேட்கவே இல்லை, வலது பக்கமான வலந்தலை மட்டும் ‘டிக் டிக்’ என்று வருகிறது.

கடையில் கேட்டால் இருபதாயிரத்துக்கு மைக் மாற்று, சுவரெல்லாம் ஃபோம் ஒட்டு என்கிறார்கள். கீழ்வீட்டு அக்கா முட்டை அட்டை சேர்த்துத் தருகிறேன் என்கிறார். இதில் எது நிஜம்? செலவு பண்ண பயம் இல்லை, செலவு பண்ணிய பிறகும் இப்படியே இருந்துவிடுமோ என்றுதான் பயம். எனக்கு 5 கட்டை சுருதி (ஹார்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை), அது தேவைப்பட்டால்.

*

பாத்ரூம் பாகவதர்:

மேடம், நான் தொழில்காரன் இல்லை, ஆபீஸ் போய்வந்து சினிமாப் பாட்டு பாடிப் போடுகிற ஆள். என் அனுபவத்தில் போனே போதும். மெத்தை போட்ட படுக்கையறையில், பீரோக் கதவைத் திறந்து வைத்து, தொங்குகிற துணியைப் பார்த்தபடி பாடுங்கள். எதிரொலி பாதி செத்துவிடும். முட்டை அட்டை நானும் ஒட்டினேன், 90 அட்டை. பார்க்க ஸ்டூடியோ மாதிரி ஜம்மென்று இருக்கிறது, போட்டோவுக்கு லைக் வந்தது. சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறமாதிரிதான் தோன்றுகிறது.

*

அரைக்கட்டை:

பாகவதரே, அந்த ‘தோன்றுகிறது’தான் 90 அட்டையின் பலன். அட்டை மெல்லிசு. கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், மற்றதை அப்படியே திருப்பி அனுப்பும், வெளிச் சத்தத்தைக் கொஞ்சமும் தடுக்காது, தீப்பொறி பட்டால் மட்டும் வேலை செய்யும். பீரோ யோசனை நல்ல யோசனை, அதற்கு வருகிறேன்.

மேடம், நான் பத்து வருஷமாக வீட்டில் பதிகிறேன், பெரும்பாலும் தவறாகப் பதிந்து கற்றுக்கொண்டது. எதையும் வாங்குமுன் ஒன்று சொல்லுங்கள். அந்த மைக்கில் எந்தப் பக்கம் பார்த்துப் பாடுகிறீர்கள்? மேடை மைக் மாதிரி அதன் தலையில் வாயை வைத்தா, இல்லை பக்கவாட்டில் நின்றா? பக்கவாட்டில் என்றால், கம்பெனிப் பெயர் போட்ட பக்கம் உங்களைப் பார்க்கிறதா, சுவரைப் பார்க்கிறதா? அந்தக் குண்டு மைக்குகள் பெரும்பாலும் பக்கவாட்டில் கேட்பவை. பெயர் எழுதிய பக்கம்தான் முகம். ‘கார்டியாய்டு’ என்பார்கள், முன்னால் இருப்பதை நன்றாக வாங்கும், முதுகுப் பக்கம் இருப்பதைத் தள்ளிவிடும். முதுகுப் பக்கம் நின்று பாடினால் உங்கள் குரல் நேராக நுழையாது, எதிர்ச்சுவரில் போய் முட்டித் திரும்பி வருவதுதான் முன்வாசல் வழியாக நுழையும். நீங்கள் சொல்கிற கிணறு அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது தூரம். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று எழுதவில்லை. காலியான டைல்ஸ் அறையில் ஒரு சாணுக்கு மேல் தள்ளி நின்றால் கதை முடிந்தது. தூரம் இரட்டிப்பானால் வாயிலிருந்து நேராக வரும் சத்தம் 6 டெசிபல் இறங்கும், ஆனால் சுவரிலிருந்து வரும் எதிரொலி அறைக்குள் எங்கே நின்றாலும் ஏறக்குறைய அதே அளவு. அதனால் தள்ளத் தள்ள அறைதான் பாடும், நீங்கள் பாடமாட்டீர்கள். ஒரு சாண் தூரம், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்துக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள், ‘ப’ வரும்போது காற்று குத்தாது. பஞ்சு உறை மட்டும் போதாது, பூத்தையல் வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்து மாட்டி நடுவில் நிறுத்துங்கள், கடையில் விற்கும் பாப் ஃபில்டரும் அதே சங்கதிதான்.

அறைக்கு: நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு ‘ட்ரிங்’ என்று கம்பி அதிர்வதுபோல் ஒரு வால் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். எல்லாரும் மைக்குக்குப் பின்னால் ஃபோம் வைப்பார்கள். மைக்கின் முதுகு செவிடு, அங்கே வைத்துப் பெரிய லாபம் இல்லை. மைக் பார்ப்பது உங்களை, உங்களைத் தாண்டி உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. துணி அங்கேதான் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் நில்லுங்கள். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். பக்கத்துச் சுவருக்குக் கொடி கட்டிக் கம்பளி தொங்கவிடுங்கள், சுவரை ஒட்டித் தொங்காமல் நாலு விரல் இடைவெளி விட்டு. அந்த இடைவெளி சும்மா இல்லை, துணி சுவரிலிருந்து தள்ளி இருந்தால் இன்னும் கொஞ்சம் கனமான சத்தத்தையும் உறிஞ்சும். பீரோவைத் திறந்து வைத்துப் புடவை அடுக்கைப் பார்த்துப் பாடச் சொன்னார் பாகவதர், அது போனுக்குச் சரி. உங்கள் மைக்குக்குப் புடவை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

‘ம்ம்ம்’ சத்தத்துக்கு முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். நின்றுவிட்டால் விஷயம் கரண்ட், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும்தான் அப்படி முனகும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் மாட்ட ஏதாவது கன்வெர்ட்டர் போட்டிருந்தால் எர்த் போகிற வழி அங்கேயே அறுந்துபோகும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது எர்த் பின்னை உடைத்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள், சத்தம் நின்றாலும் நிற்கும், உயிரும் போகலாம். சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்கவில்லையென்றால் ஃபேன், ஃபிரிட்ஜ், அடுத்த அறை மோட்டார் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் தம்பி. ஒரே ஒரு கேள்வி. அந்த இயர்போன் ஒயர் உள்ளதா, புளூடூத்தா?

*

மாடிவீட்டு சுருதி:

சார், எழுதவே வெட்கமாக இருக்கிறது. கம்பெனிப் பெயர் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. பட்டன் எல்லாம் என் பக்கம் இருந்தால் வசதி என்று நானேதான் அப்படித் திருப்பி மாட்டினேன். இரண்டு மாதம் மைக்கின் முதுகில் பாடியிருக்கிறேன்! திருப்பிவிட்டு, ஒரு சாண் தள்ளி நின்று ‘ஸ ரி க ம’ மட்டும் பாடிப் பார்த்தேன், என் குரல்தானா என்று இருக்கிறது. மெத்தை இன்னும் வைக்கவில்லை, கை தட்டினால் நீங்கள் சொன்ன கம்பிச் சத்தம் இருக்கிறது.

சார்ஜரைப் பிடுங்கினால் ‘ம்ம்ம்’ முக்கால்வாசி போய்விட்டது.

இயர்போன் புளூடூத்தான். அதனால் என்ன?

*

அரைக்கட்டை:

அதனால்தான் எல்லாம். புளூடூத் இயர்போனில் சத்தம் காதுக்கு வந்துசேரப் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு செகண்டாவது, சிலவற்றில் கால் செகண்ட் வரை தாமதம் ஆகும். படம் பார்க்கும்போது தெரியாது, வீடியோவைச் சேர்த்துத் தாமதப்படுத்திக் காட்டிவிடும். வாசிக்கும்போது ஏமாற்ற வழியில்லை. கணக்கு போட்டுப் பாருங்கள், ஓர் அட்சரத்துக்கு ஒரு செகண்ட் என்று வைத்தால் ‘தகதிமி’யில் ஒவ்வோர் எழுத்தும் கால் செகண்ட். தம்பி காதில் விழுகிற பாட்டுக்குத் துல்லியமாக வாசிக்கிறார், ஆனால் அந்தப் பாட்டே ஓர் எழுத்து வரை லேட்டாக விழுகிறது. நீங்களும் ஓடவில்லை, அவரும் இழுக்கவில்லை. முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

பழைய ஒயர் ஹெட்போன் எதுவாக இருந்தாலும் சரி, காதை நன்றாக மூடுவதாக இருக்கட்டும், இல்லையென்றால் அதிலிருந்து கசிகிற உங்கள் பாட்டும் மைக்கில் ஏறும். ஒயர் போட்டாலும் கம்ப்யூட்டருக்குள்ளேயே கொஞ்சம் தாமதம் இருக்கும். அதற்கு ஒரு நாட்டு வைத்தியம்: பாட்டு தொடங்குமுன் நீங்கள் நாலு தட்டு கையால் தட்டிப் பதிந்துவிடுங்கள், தம்பி அந்த நாலு தட்டோடு சேர்ந்து நாலு தட்டு மிருதங்கத்தில் தட்டட்டும். திரையில் இரண்டு வரிசையையும் பெரிதாக்கிப் பார்த்தால் முள் முள்ளாக நிற்கும், ஒன்றை நகர்த்தி மற்றதன்மேல் உட்காரவைத்தால் முழுப்பாட்டும் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் தாமதம் கடைசிவரை ஒரே அளவுதான். ஏற்கெனவே பதிந்ததைத் தூக்கிப் போடவேண்டாம், அதையும் இப்படி முன்னால் இழுத்துப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் லேப்டாப்பிலும் தம்பி தன் போனிலும் தனித்தனியாகப் பதிந்தால் இந்த வித்தை நீளமான உருப்படிக்குச் செல்லாது. இரண்டு கருவியின் கடிகாரமும் மயிரிழை வேறுபடும், வர்ணம் முடிவதற்குள் விலகத் தொடங்கிவிடும்.

தம்புரா போனில் அமுங்கியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போனுக்குள் இருக்கும் சத்தம் நீக்கும் ஏற்பாடு, மாறாமல் ஒரே சீராக ஓடும் எதையும் ஃபேன் என்று நினைத்து வெட்டிவிடும். நம் தம்புரா அதற்கு ஃபேன்! ஆன்லைன் வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான், ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று உண்டு, அதை ஆன் பண்ணினால் தம்புராவை வெட்டாமல் விடும்.

*

தொப்பிக்கு ரவை:

அக்கா, நான் மிருதங்கம். அண்ணன் மற்றதைச் சொல்லிவிட்டார், தொப்பியை நான் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கு இது வாழ்நாள் குறை.

முதல் கேள்வி, பதிந்ததை எதில் போட்டுக் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கர் என்றால் தொப்பி இருந்தாலும் கேட்காது. அந்த நகத்தளவு ஸ்பீக்கரால் ‘தொம்’ சொல்லவே முடியாது, அது வெறும் வலந்தலை மிஷின். காதை மூடும் ஹெட்போனில் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அதிலும் இல்லையென்றால் மைக் இருக்கும் இடம். பெரும்பாலோர் வலந்தலைக்கு நேராக வைத்துவிடுவார்கள், ‘சாப்பு’ அழகாக விழும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே மைக் என்றால் மிருதங்கத்துக்கு முன்னால், வாசிக்கிறவரைப் பார்த்தபடி, ஒரு முழமோ ஒன்றரை முழமோ தள்ளி, கட்டையின் நடுவுக்கு நேராக வையுங்கள். அங்கிருந்து தொப்பிப் பக்கமாக விரலளவு விரலளவாக நகர்த்திக்கொண்டே போங்கள், தம்பி ‘தோம் நம் தோம் நம்’ என்று வாசித்துக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நகர்த்துங்கள். இரண்டும் ஒன்றாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. கண்டுபிடித்ததும் தரையில் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள், மைக் ஸ்டாண்டுக்கு ஒன்று, தம்பி முழங்காலுக்கு ஒன்று. நான் இந்தக் குறி போடாமல் ஒரு முறை மறுநாள் மூன்று மணி நேரம் தேடியிருக்கிறேன்.

அறைக்குள்ளும் இடம் பார்க்கவேண்டும். 10க்கு 10 சதுர அறை மிருதங்கத்துக்கு ஆகாத அறை, நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு பக்கமும் ஒரே சுரத்தில் குமுறும். கணக்கில் பார்த்தால் 57, அப்புறம் 113, அப்புறம் 170 ஹெர்ட்ஸ் பக்கம். அக்கா உங்கள் 5 கட்டை ஷட்ஜமே 196, அதனால் உங்கள் பாட்டுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, அடி எல்லாம் தொப்பிக்குத்தான். சரியாக அறை நடுவில் மைக் இருந்தால் சில கீழ்நாதம் காணாமலே போகும், மூலையில் இருந்தால் அதுவே இரண்டு பங்காக ஊதும். இரண்டும் வேண்டாம், ஒரு சுவரிலிருந்து மூன்றரை அடி, நாலடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். கம்பளியும் ஜமுக்காளமும் இந்தக் கீழ்ச் சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது, அதற்கு மெத்தை கனம் வேண்டும், அதுவும் மூலைகளில்.

அப்புறம் ரவை, தொப்பியின் தோலில் பிசைந்து அப்புவோமே அது. பதிவு என்றால் புதிதாகப் பூசச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாக. ஃபேன் காற்றில் ரவை காய்ந்து ஒவ்வோர் உருப்படிக்கும் தொப்பியின் சுருதி ஏறிக்கொண்டே போகும், முதல் கீதத்தில் இருந்த ‘தொம்’ வர்ணத்தில் இருக்காது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

பின்னால் இரண்டு மைக் போட நினைத்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள்: இரண்டு பக்கமும் எதிரெதிராக மைக் வைத்துச் சேர்க்கும்போது சில சமயம் தொப்பி ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு ட்ராக்கை ‘இன்வர்ட்’ செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கிக் கேளுங்கள், எதில் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. அதற்கு இரண்டு யுஎஸ்பி மைக் வாங்காதீர்கள், விண்டோஸில் இரண்டையும் ஒன்றாக ஓட்டுவது நாய்ப் படாத பாடு. இரண்டு வாய் உள்ள ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஒன்றும், சாதாரண மைக் இரண்டும் என்று போவது நல்லது.

*

பழைய டேப்காரர்:

அம்மா, நான் டேப் காலத்து ஆள், ஒலிப்பதிவே பிழைப்பாக இருந்து ஓய்வுபெற்றவன். தம்பிமார்கள் சொன்னதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் தனித்தனியாகப் பதிந்து ஒட்டுவதுதான் வழி என்பதுபோல் பேச்சு போகிறது, அங்கே மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

மைக்கே இல்லாத காலத்தில் கூம்புக் குழாய்க்கு முன்னால் நின்று பாடித்தான் இசைத்தட்டு எடுத்தார்கள், 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை உலகம் முழுக்க அப்படித்தான். எது பெரிதாகக் கேட்கவேண்டுமோ அது குழாய்க்குப் பக்கத்தில், எது சிறிதாகக் கேட்கவேண்டுமோ அது தள்ளி. அவ்வளவுதான் மிக்ஸிங். மைக் வந்த பிறகும் ஒரே மைக்கில் கச்சேரி முழுவதையும் உட்காரும் தூரத்தை வைத்தே சரி செய்தோம். உங்கள் கையிலும் ஒரு மைக் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் இருப்பார் இல்லையா? நீங்கள் மைக்கிலிருந்து ஒன்றரைச் சாண், தம்பி உங்களுக்குப் பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளி, தொப்பி மைக் பக்கம் திரும்பினாற்போல். ஒரு பல்லவி பதிந்து கேட்டுவிட்டு அரை அடி முன்னே பின்னே நகர்த்துங்கள். நாலாவது தடவை சரியாக வந்துவிடும். நீங்கள் ஒரு சங்கதியை நீட்டும்போது அவர் முகத்தைப் பார்த்து வாசிப்பதும், ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போனில் கேட்டு வாசிப்பதும் ஒன்றாகாது. மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் இதற்கும் வேண்டும், தூரம் கூடுவதால் இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

தம்புராவை அறையில் ஸ்பீக்கரில் ஓடவிடாதீர்கள். போன் ஸ்பீக்கர் தம்புரா மைக்கில் ஏறினால் தகரம்தான். ஒயர் இயர்போனை ஒரு காதில் மட்டும் வைத்துத் தம்புரா கேளுங்கள், மறுகாது உங்கள் குரலுக்கும் மிருதங்கத்துக்கும். அந்தத் தம்புராவையே தனியாக ஃபைலாகப் போட்டு கடைசியில் அடியில் சேர்த்துக்கொள்ளலாம். உங்களிடம் நிஜத் தம்புரா இருந்து மீட்ட ஆளும் இருந்தால் நான் சொன்னதை மறந்துவிட்டு அதையே பக்கத்தில் வைத்து மீட்டச் சொல்லுங்கள், அதன் சுகம் வேறு.

லெவல் வைப்பதில் ஒரு தவறு எல்லாரும் செய்வார்கள். ‘ஹலோ, ஒன்று இரண்டு’ என்று பேசி லெவல் வைத்துவிட்டு, சரணத்தில் மேல் பஞ்சமம் தொடும்போது முள் சிவப்பில் போய் முட்டும், அந்தக் கரகரப்பை அப்புறம் எந்தச் சாப்ட்வேரும் துடைக்காது. எது உச்சமோ அதைப் பாடி லெவல் வையுங்கள், அந்த இடத்தில் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். கீழே சின்னதாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், 24 பிட்டில் பதிந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். டேப் காலத்தில் இந்தச் சலுகை கிடையாது, சின்னதாகப் பதிந்தால் இரைச்சலும் கூடவே ஏறும், அதனால் சிவப்பை உரசிக்கொண்டே ஓட்டுவோம். அந்தப் பழக்கம் இன்னும் சிலர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

பதிவு தொடங்குமுன் பத்து செகண்ட் யாரும் அசையாமல் வெறும் அறையைப் பதியுங்கள், தம்புராவும் இல்லாமல். இரைச்சல் எடுக்கும் கருவிக்கு அதைத்தான் மாதிரியாகக் காட்டவேண்டும். தம்புரா கலந்த இடத்தைக் காட்டினால் தம்புராவையும் சேர்த்துத் துடைத்துவிடும், கூடவே உங்கள் ஷட்ஜத்தையும் கொஞ்சம் சுரண்டும். சுருதி திருத்தும் கருவி பக்கமே போகாதீர்கள். அது தோடி காந்தாரத்தின் அசைவைப் பிசகு என்று நினைத்து இஸ்திரி போட்டுவிடும், பிள்ளைகள் அதைக் கேட்டுப் பழகிவிடுவார்கள்.

மைக்கை வேலை முடிந்ததும் மேசைமேல் விடாதீர்கள். எவர்சில்வர் சம்படத்தில், செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு மூடிவையுங்கள். கண்டென்சர் மைக்குக்கு ஈரம் ஏறினால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடித்தமாதிரி சத்தம் போடும்.

*

மாடிவீட்டு சுருதி:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னபடியே உட்கார்ந்து பார்த்தோம். மெத்தையைச் சுவரில் சாய்த்து, மூலையில் தலையணை அடுக்கி, அறையே தீபாவளிக்கு வெள்ளையடிக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. ஃபேன் போடாமல் ஒரு மணி நேரம், இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. மூன்றாவது தடவை கீதம் ஒன்று வந்தது, தம்பி ஹெட்போனைக் கழற்றாமல் இரண்டு முறை கேட்டான், ஒன்றும் சொல்லவில்லை, அவன் ஒன்றும் சொல்லவில்லையென்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தொப்பி இருக்கிறது! முன்பும் இருந்திருக்கிறது போல, நாங்கள் போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வர்ணத்துக்கு மட்டும் தனித்தனியாகப் பதிந்தேன், பிள்ளைகள் மிருதங்கம் இல்லாமலும் கேட்கட்டும் என்று. தம்பி ஒயர் ஹெட்போனில் வாசித்தான், நாலு தட்டு உத்தி அப்படியே உட்கார்ந்தது.

ஆனால் புதிதாக ஒரு கூத்து. எல்லாம் சேர்த்து முடித்த பிறகு என் குரல் சுருதி இறங்கிவிட்டது, தம்புராவோடு ஒட்டவே இல்லை. தம்புரா 5 கட்டையில் நிற்க, நான் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கோ பாடுகிறேன். பாட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. பதிந்தபோது சரியாக இருந்தது, சத்தியமாக.

*

அரைக்கட்டை:

ட்ராக் பெயர் பக்கத்து மெனுவில் ‘ரேட்’ என்று ஒன்று இருக்கும், அதில் 48000 இருந்ததை 44100 ஆக்கினீர்களா?

*

மாடிவீட்டு சுருதி:

ஆமாம் சார், ஒன்று 48, ஒன்று 44.1 என்று இருந்தது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று மாற்றினேன்.

*

அரைக்கட்டை:

அதுதான். ஒரு செகண்டுக்கு 48000 புள்ளி எடுத்ததை 44100 வீதம் நிதானமாகப் படிக்கச் சொல்லிவிட்டீர்கள். பாட்டு ஒன்பது சதவீதம் போல நீளும், சுருதி முக்கால் கட்டை போல இறங்கும், 5 கட்டை நீங்கள் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கும். உங்கள் காதுக்கு ஒரு கும்பிடு. 48000 என்றே திருப்பி வையுங்கள், சரியாகிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் ‘ரீசாம்பிள்’ என்று தனியாக ஒரு கட்டளை உண்டு, அதில் மாற்றினால் சுருதி நகராது. இனிமேல் தொடங்கும்போதே எல்லாவற்றையும் 48000 என்று வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் அனுப்புவீர்கள் என்றால் குரல்செய்தியாக அனுப்பாமல் டாகுமெண்டாக இணைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் அது தன் பங்குக்கு நசுக்கும். எம்பி3 ஆக்கினால் பிட்ரேட் 192 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்கவேண்டாம். மூல வேவ் ஃபைலை அழிக்காதீர்கள்.

*

பாத்ரூம் பாகவதர்:

90 அட்டையையும் பிடுங்கிவிட்டேன். கோந்து சுவரோடு வந்துவிட்டது, வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை. மேடம், அந்தக் கீழ்வீட்டு அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

*

மாடிவீட்டு சுருதி:

48000 வைத்ததும் சுருதி சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி, மைக்குக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு நல்ல ஒயர் ஹெட்போன் வாங்கிக்கொண்டேன், மீதி அப்படியே இருக்கிறது. இன்னும் ஒன்றே ஒன்று. விடிகாலை அமைதியாக இருக்குமே என்று நாலரைக்கு எழுந்து உட்கார்ந்தால் எதிர்வீட்டு வேப்பமரத்தில் குயில் ஆரம்பித்துவிடுகிறது. ஜன்னலை மூடினாலும் கேட்கிறது. இதற்கு ஏதாவது ஃபில்டர் உண்டா?

*

பழைய டேப்காரர்:

குயிலுக்கு ஃபில்டர் இல்லை அம்மா. அது கூவுகிற இடத்தில்தான் உங்கள் குரலின் தெளிவும் இருக்கிறது, அதை வெட்டினால் நீங்களும் போவீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு முயன்று பாருங்கள், குக்கர் விசில் முடிந்திருக்கும், தெருவும் தூங்கும். வேர்க்கும்தான்.